தண்ணி கேஸ்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குப் புரியாத ஒரே விஷயம், என் வேலை என்ன என்பதுதான்.

"கேஸை உலர வைக்கிறோம்மா," என்றார் மேலாளர். எதை வைத்து என்று கேட்டேன். ஒரு திரவத்தை வைத்து என்றார். எனக்குத் தலை சுற்றியது. துணி காய வெயில் வேண்டும், தலை காயக் காற்று வேண்டும். ஈரமான ஒன்றைக் கொண்டுபோய் இன்னொரு ஈரத்தில் முக்கினால் எப்படிக் காயும்? நான் வேதியியலில் பட்டம் வாங்கியவள்தான். பரீட்சையில் இதைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எழுதுவது வேறு, நம்புவது வேறு. தலையை ஆட்டிவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நாள் போகப் போகத்தான் பிடிபட்டது. பூமிக்கு அடியிலிருந்து வரும் கேஸ் தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். அப்படியே குழாயில் விட்டால் குழாய் உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும், சில இடங்களில் பனிக்கட்டி மாதிரி உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் உயரமான ஓர் இரும்புத் தூணுக்குள் கேஸைக் கீழிருந்து மேலே அனுப்புவார்கள். மேலேயிருந்து கிளைக்கால் என்ற கொழகொழப்பான திரவத்தை வழியவிடுவார்கள். இரண்டும் எதிரெதிரே வரும்போது கேஸில் இருக்கும் தண்ணீரையெல்லாம் கிளைக்கால் குடித்துவிடும். கேஸ் காய்ந்துபோய் மேலே வெளியேறும். வயிறு முட்டக் குடித்த கிளைக்கால் கீழே வந்து சேரும். அதைக் கொதிகலனில் ஏற்றிச் சூடாக்கினால் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போய்விடும். கிளைக்கால் பழையபடி தயார்.

டெல்டா பக்கத்துக் கிணறுகளுக்கு இந்த அமைப்பைக் கட்டிக்கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். எண்ணூரில் கட்டி, ஓட்டிப் பார்த்து, லாரியில் ஏற்றி அனுப்புவோம். அங்கே உழைத்து அலுத்த கிளைக்கால் டிரம்களில் எங்களிடம் திரும்பி வரும். அதைச் சூடாக்கிச் சுத்தம் செய்து மறுபடி அனுப்புவோம். அதில் இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று ஆய்வகத்தில் உட்கார்ந்து சோதித்துச் சொல்வதுதான் என் வேலை.

இதிலும் ஒரு குழப்பம் வைத்திருந்தார்கள். தண்ணீர் குடித்துக் கெட்டுப்போய் வரும் திரவத்துக்கு இங்கிலீஷில் 'ரிச்' என்று பெயர். தண்ணீர் போய்ச் சுத்தமானதற்கு 'லீன்'. எங்கள் கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் நெட்டுக்குப்பத்துக்காரர். அவருக்கு இந்தப் பெயர் வைத்தவர்கள் மேல் தீராத கோபம். "கெட்டுப்போனவனுக்கு பணக்காரன்னு பேரு, ஒயுங்கா கீறவனுக்கு ஒல்லின்னு பேரு. இன்னா நியாயம் மேடம் இது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், நான்தான் பெயர் வைத்தது போல. பிறகு அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். "குடிச்சிட்டு வந்தா மப்பு. சூடு பண்ணி வுட்டா தெளிஞ்சது. அவ்ளோதான்." அன்றிலிருந்து கம்பெனி முழுக்க அதுவே நடைமுறையாகிவிட்டது. மேலாளரே காலையில் வந்ததும் "தெளிஞ்சுதாப்பா?" என்றுதான் கேட்பார். நானும் அப்படித்தான் பேசினேன். இதில் எங்களுக்கு ஒரு விகற்பமும் தெரியவில்லை.

எங்கள் வீடு திருவொற்றியூரில். நானும் அம்மாவும் மட்டும்தான். தெருமுனையில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருநாள் என்னை நிறுத்தி, அப்படி என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். கம்பெனி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில், "கேஸ்ல கீற தண்ணிய எடுக்கறதுதான்க்கா," என்று சொல்லிவிட்டு ஓடினேன். "ஓ, தண்ணி கேஸா," என்றார் அக்கா. எனக்கு அது காதில் உறைக்கவே இல்லை. கேஸ் என்ற சொல்லுக்கு அந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அந்தச் சம்பந்தம் வந்தது. ராயபுரத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். தெற்கத்திக்காரர்கள். எங்களுக்கும் பூர்வீகம் அந்தப் பக்கம்தான், ஆனால் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டதால் எனக்கு வாயில் வருவது திருவொற்றியூர்ப் பேச்சு. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் அதை அடக்கி வாசிக்கும்படி அம்மா கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அடக்கித்தான் வாசித்தேன்.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் மட்டும் வந்தார்கள். அதற்கு முன்னால் வந்தவர்களெல்லாம் என் சம்பளத்தைக் கேட்டார்கள், பைக் ஓட்டுவேனா என்று கேட்டார்கள், ஒருவர் என் உயரத்தைக் கேட்டார். இவர் என் வேலையைக் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஈரமான ஒண்ணு எப்படிங்க இன்னொண்ணைக் காய வைக்கும்?" என்றார்.

நான் சேர்ந்த அன்று கேட்ட அதே கேள்வி. எனக்கு அவரை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது. இதை மறைக்க என்ன இருக்கிறது? விளக்கிச் சொன்னேன். "ஓ, மழை நாள்ல எங்க கடை உப்பு மூட்டை தானாவே தண்ணி இழுத்துக்கிடுமே, அந்த மாதிரி," என்றார். கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். இவ்வளவு சுளுவாக எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நம்பர் வாங்கிக்கொண்டார். தினமும் பேசினோம். அவர் கடையில் வெல்லம் உருகின கதையைச் சொல்வார், நான் கொதிகலன் கதையைச் சொல்வேன். அம்மா எந்தப் புடவை எடுக்கலாம் என்ற அளவுக்குப் போய்விட்டாள்.

ஒருநாள் மதியம் அவர் கூப்பிட்டபோது இங்கே ஒரே களேபரம். புதிதாக வந்த டிரம்களில் ஏதோ அழுக்கு கலந்திருந்து, எவ்வளவு சூடாக்கியும் தண்ணீர் போகாமல் நுரைத்துக்கொண்டே இருந்தது. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே வெளியே வந்தேன். நெட்டுக்குப்பத்துக்காரர் கொதிகலன் பக்கத்திலிருந்து கத்தினார்.

"மேடம், காலைலேர்ந்து குடிச்சிகினே கீது, இன்னும் தெளியல! மப்பு எறங்கவே மாட்டுது!"

"நேத்தும் இப்டித்தான இருந்துச்சு? விடுங்க, சாயந்திரத்துக்குள்ள தெளிஞ்சிடும்," என்று நானும் கத்தினேன்.

போனில் அவர், "சரி, நான் அப்புறம் பேசுறேன்," என்றார். அதன் பிறகு அவர் கூப்பிடவே இல்லை.

நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஆனால் வாட்ஸப்பில் செய்தி மட்டும் வந்தது. முதலில், "யார் என்ன சொன்னாலும் நான் இருக்கேன். தைரியமா இருங்க." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யார் என்ன சொன்னார்கள்? நான் எதற்குத் தைரியமாக இருக்க வேண்டும்? என்ன ஆச்சு என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்து, "காலையில் வெறும் வயித்துல நெல்லிக்காய் ஜூஸ் குடிங்க. ஈரலுக்கு நல்லது." என் ஈரலுக்கு என்ன வந்தது? அதற்கும் அடுத்து, "மோர் நிறைய சேத்துக்கோங்க. பழைய பழக்கம் உடனே போகாது, மெதுவாத்தான் போகும்." எந்தப் பழக்கம்? கம்பெனி வண்டியில் வரும்போதெல்லாம் அந்தச் செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நகம் கடிக்கும் பழக்கம் ஒன்று எனக்கு உண்டு. அதைப் பார்த்திருப்பாரோ? நகம் கடிப்பதற்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மா தாங்க மாட்டாமல், நடுவில் நின்று பேசியவருக்குப் போன் போட்டாள். அவர் இழுத்து இழுத்துச் சொன்னாராம்: "பொண்ணுக்கு உடம்பு சரியாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்னு அந்தம்மா சொல்றாங்க."

போனை வைத்துவிட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்குத் தெரியாம எந்த டாக்டராண்டயாவது போனியாடி?"

"நான் எதுக்குப் போறேன்? நல்லாத்தானே கீறேன்?"

"பின்ன இன்னாத்துக்கு அவங்க உடம்பு உடம்புன்றாங்க? மறைக்காத சொல்லு."

பெற்றவளே சந்தேகப்பட ஆரம்பித்தால் என்ன செய்வது? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே! வேண்டாம் என்றும் சொல்லாமல், வேண்டும் என்றும் சொல்லாமல், நெல்லிக்காய் ஜூஸ் குடி என்றால் அது என்ன பேச்சு? குழப்பம் முற்றிக் கோபமாகிவிட்டது. வேலை முடிந்ததும் கம்பெனி வண்டியில் ஏறாமல் நேரே ராயபுரத்துக்குப் பஸ் பிடித்தேன்.

கல்லாவில் அவர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. எழுந்து, என் கையைப் பிடித்து, மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கமாக ஒதுக்குப்புறத்துக்கு இழுத்துப் போனார். போனவர், என் தோளருகே குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்கம்மா மோந்து பாக்கறீங்க?"

"இப்பவும் வாடை அடிக்கே," என்றார் தாழ்ந்த குரலில். "பகல்லயேவா?"

கிளைக்கால் அதிகச் சூடுபட்டால் தித்திப்பும் புளிப்புமாக ஒரு வாடை வரும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் துணியை விட்டுப் போகாது. "பகல்லதானங்க வேலை? வாடை வரத்தான் செய்யும்," என்றேன்.

"அப்ப நீ ஒத்துக்கிடுதியா?"

"எதை?"

"நீ தண்ணி கேஸுன்னு."

கோபம் வந்தால் எனக்கு 'என்ன' போய் 'இன்னா' வந்துவிடும். இதுவா உங்கள் பிரச்சினை, என் வேலையா உங்களுக்குக் கேவலமாகப் போய்விட்டது என்று சுர்ரென்று ஏறியது. "ஆமா, தண்ணி கேஸுதான். அதுல இன்னா கேவலம் கீது? சும்மா வரல, படிச்சிட்டு, இன்டர்வியூல பாஸ் பண்ணிட்டு வந்துகீறேன். எங்க கம்பெனில மேனேஜர்லேர்ந்து வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருமே தண்ணி கேஸுதான்!"

முதுகில் அரிசி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த சுமை தூக்குபவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பெருமையா வேற சொல்லுதா பாரு," என்று அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "உங்க தெருமுனையில இட்லிக் கடைக்காரிகிட்ட விசாரிச்சேன். அவ சொன்னப்ப நான் நம்பல. தங்கமான பொண்ணு, தண்ணி கேஸுல கீதுன்னா. காலைல போனா ராவுக்குத்தான் வரும், கம்பெனி வண்டியில கொண்டாந்து விடுவாங்கன்னா. ஆம்பளைங்களே தாங்க மாட்டாங்க, இந்தப் பொண்ணு தாங்குதுன்னு பாராட்டுதா! பாவி, அதுல என்ன பாராட்டு? மேடம் காலைலேருந்து குடிக்கி, இன்னும் தெளியலன்னு யாரோ கத்துறத என் மவன் வேற போன்ல காதால கேட்டிருக்கான்." குரல் உடைந்தது. "எங்க வீட்டுக்காரரு இதே கல்லாவுல உக்காந்து குடிச்சே போனாரு தாயி. இன்னொரு தண்ணி கேஸைச் சுமக்க எனக்குத் தெம்பு கெடையாது."

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. இட்லி, ஈரல், நெல்லிக்காய், மப்பு, தெளியல, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்து நின்றன. முதலில் சிரிப்புத்தான் வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அந்த அம்மா அதையும் போதை என்று நினைத்து ஒரு எட்டு பின்னால் போனார். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்று அழுகை வந்துவிட்டது.

அழுதுகொண்டே சொன்னேன். இந்தக் கேஸ் அந்தக் கேஸ் இல்லை, குடிப்பது நான் இல்லை, நான் பீர் பாட்டில் மூடியைக்கூடத் திறந்தது கிடையாது என்று. அவர் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. குடிக்கிறவர்கள் எல்லாரும் குடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியாததா?

சத்தம் கேட்டு மாப்பிள்ளை பின்னாலிருந்த கிடங்கிலிருந்து வந்தார். கையெல்லாம் மிளகாய்த் தூள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகக் கேட்டேன். "நீங்களும் நம்புனீங்களா?"

"நம்பினேன்," என்றார்.

பொய்யாவது சொல்லியிருக்கலாம். "நம்பிட்டு எதுக்கு எனக்கு ஜூஸ் குடின்னு மெசேஜ் அனுப்புனீங்க? வேணாம்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"போன்ல பேசினா அழுதுருவேனோன்னு பயம். அதான் எடுக்கல." அம்மாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்பாவை எல்லாரும் திட்டினோம். பேசாம இருந்தோம். ஒதுங்கிட்டோம். உங்களையும் அப்படி விட்டுரக் கூடாதுன்னு நெனச்சேன். கட்டிக்கிட்டு, கூட இருந்து, நிறுத்திரலாம்னு அம்மாகிட்ட ஒரு வாரமா சண்டை."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? என்னைக் குடிகாரி என்று நம்பிய ஆள் இவர். குடிகாரி என்று நம்பிய பிறகும் என்னைக் கட்டிக்கொள்ள நின்ற ஆளும் இவர்தான். இரண்டில் எதற்கு எந்த முகத்தைக் காட்டுவது? கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன், நிற்கவில்லை. விட்டுவிடலாமென்றால் அதுவும் போகவில்லை. "எனக்கு ஒண்ணும் புரியல, நான் கெளம்பறேன்," என்று மட்டும் சொன்னேன்.

கடைப்படி இறங்கும்போது அந்த அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். "உன் கம்பெனியை நான் பாக்கலாமா?"

மேலாளரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். அவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துவிட்டு, ஆய்வகம் வரைக்கும் கூட்டி வரலாம் என்றார். ஒரு சனிக்கிழமை அந்த அம்மா மகனோடு வந்தார். கொண்டைக்கு மேல் ஹெல்மெட் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார். உயரமான தூணை அண்ணாந்து பார்த்தார். கொதிகலன் புகைபோக்கியிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. குடித்த தண்ணீரெல்லாம் அதோ போகிறது என்று காட்டினேன். காற்று திரும்பியபோது அந்த வாடை எங்கள் எல்லார் மேலும் வந்து அடித்தது. அவர் மூக்கை உறிஞ்சி, மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தார். நான் வேறு எங்கோ பார்த்தேன்.

ஆய்வகத்தில் இரண்டு கண்ணாடி ஜாடிகளை எடுத்து வைத்தேன். ஒன்றில் டிரம்மில் வந்த கிளைக்கால், டிகாக்ஷன் போலக் கறுத்து. இன்னொன்றில் எங்களிடமிருந்து போகப் போவது, வெளுத்துத் தெளிவாக. நெட்டுக்குப்பத்துக்காரர் கூடவே வந்து நின்றுகொண்டார். அவருக்கு விவரம் எதுவும் தெரியாது. யாரோ கஸ்டமர் என்று நினைத்துவிட்டார்.

"இது குடிச்சிட்டு வந்தது மா. இது தெளிஞ்சது. வேற வேற இல்ல, ரெண்டும் ஒரே சரக்குதான்."

அந்த அம்மா கறுத்த ஜாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "இதை எத்தன தடவ இப்படித் தெளிய வைக்கலாம்?" என்று கேட்டார்.

"பொறுமையாப் பண்ணணும்மா. அவசரப்பட்டுச் சூட்டை ஏத்தினா கருகிடும். கருக விடாமப் பாத்துக்கிட்டா திரும்பத் திரும்ப வைக்கலாம். நாங்க லேசுல தூக்கிப் போடறதே இல்ல."

ஜாடியை மெதுவாக மேசைமேல் வைத்தார். "நாங்க ஒரு தடவகூட வச்சுப் பாக்கலியே," என்றார்.

மகன் திரும்பி ஜன்னல் பக்கம் போய்விட்டார். நெட்டுக்குப்பத்துக்காரர் மட்டும் ஆறுதலாகச் சொன்னார்: "அதெல்லாம் உங்களால வூட்ல பண்ண முடியாதுமா. எங்களாண்ட அனுப்பியிருந்தீங்கன்னா நாங்க பாத்துனு இருப்போம்."

"தெரியாமப் போச்சுப்பா," என்று அவருக்கும் பதில் சொன்னார் அந்த அம்மா. ஹெல்மெட்டைக் கழற்றி, கலைந்த கொண்டையைச் சரிசெய்துகொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரோம்னு உங்கம்மாகிட்டச் சொல்லு. உனக்கு இவன் மேல கோவம் தீந்திருந்தா."

தீர்ந்துவிட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்படுவதா, நான் பார்த்தே இராத அந்த மனிதரை நினைத்து அழுவதா என்றும் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர்கள் போன பிறகும், எந்த மூடி எந்த ஜாடிக்கு என்று தெரியாமல் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.